தட்டியும் விடாத பிடி

மனாவுஸ்,
சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி.

அன்பு மகன் ஜாண்டெருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அப்படியே தொடங்குகிறேன். முழுதும் படித்துவிட்டு நலமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள்.

போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். சொல்லிப் பார்த்தேன். முதல் முறை சிரித்தாய். அடுத்த முறை, "பயிற்சிக்கு நேரமாச்சும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். கடிதம் என்றால் நடுவில் என்னை நிறுத்த முடியாது. நம் பயிற்சிக்கூடத்துச் சுவேலன் ஜியு-ஜிட்சு பெண்கள் பிரிவில் மோத அபுதாபிக்கு வருகிறாள் அல்லவா, அவள் கையில் இதையும் ஒரு பை மரவள்ளி மாவையும் கொடுத்தனுப்புகிறேன். மாவை விமான நிலையத்தில் பிடுங்கினாலும் பரவாயில்லை, கடிதம் மட்டும் உன் இறுதிப் போட்டிக்கு முன்னால் உன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. சந்தைக்குப் பலகை மேல் நடந்துதான் போகிறோம். மாடிக் கூரை வழக்கம்போல் உன் பழைய கட்டில் இருக்கிற இடத்தில்தான் ஒழுகுகிறது. ஹராக்கி மீன் மலிந்து கிடக்கிறது, வறுத்துத் தின்னத்தான் ஆள் இல்லை. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை.

அவருக்குச் சிவப்பு பெல்ட் கட்டிய விழாவுக்கு நீ வர முடியவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய கிழவர்களுக்கே கிடைக்கிற பெல்ட் அது. துறைமுகத்தில் சணல் மூட்டை தூக்கிய உன் அப்பா ஒஸ்மரீனோவுக்குக் கிடைத்தது என்றால் எனக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? கூடாரத்திலும் கொட்டகையிலும் மல்லுக்கு நின்று, காது இரண்டும் நசுங்கி, பிறகு நம் வீட்டின் கீழ்த்தளத்தில் மெத்தை விரித்துப் பயிற்சிக்கூடம் வைத்து, கடல் தாண்டிச் சீடர்களைச் சேர்த்த மனிதர். ஒலிபெருக்கி பிடித்தவன் அதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "வாழ்நாள்ல ஒரு தடவைகூடத் தட்டாத மாஸ்டர்" என்றான். நம் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கிறதே, அதே வாசகம்.

தட்டுவது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிடியில் மாட்டியவன் கையால் தட்டினால் பிடித்தவன் அந்த நொடியே விட வேண்டும். ஜெபம் சொல்லக் கற்கும் முன்னால் இந்த வீட்டில் நீ கற்றது அதைத்தான். சின்ன வயதில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டாய். உன் முதுகில் நான் தட்டினால் உடனே விட்டுவிடுவாய். அடுப்பில் பால் பொங்கும்போது எனக்கு அது எத்தனை வசதியாக இருந்தது தெரியுமா?

சிவப்பு பெல்ட்டை இடுப்பில் சுற்றி முடிச்சை இறுக்கும்போது, அப்பாவின் வலது கை, கட்டிக்கொண்டிருந்தவரின் தோளைத் தட்டியது. மெதுவாக, மரியாதையாக. தமாஷ் பண்ணுகிறார் என்று கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது.

மத்தியானம் மழை பிடித்ததும் எழுந்து கீழே போவார். பயிற்சிச் சட்டையான கிமோனோவை மாட்டிக்கொண்டு மெத்தையின் நடுவில் ஒருக்களித்துப் படுப்பார். வயதானவர், குளிர்ச்சியாக இருக்கிறது என்று தூங்கப் போகிறார் என நினைத்தேன். ஒருநாள் காபி கொண்டுபோனேன். படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். அவர் தூங்கவில்லை. தாடை மார்பை நோக்கி அமுங்கியிருந்தது. கிமோனோவின் கழுத்துப்பட்டி தானாக முறுக்கிக்கொண்டு சதையில் பதிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், யாருமே இல்லாத இடத்தில், மெத்தை குழிந்திருந்தது. ஓர் ஆள் முழங்கால் ஊன்றினால் எப்படிக் குழியுமோ அப்படி. அவர் தட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தட்டினார். பிறகு படகுக்குள் இழுத்துப் போட்ட மீன் வாலை அடிக்குமே, அந்த மாதிரி அடித்தார். மழை நின்றதும் குழி மேலே எழும்பியது. அவரும் எழுந்து உட்கார்ந்து, "காபி ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

"யாருங்க அது?" என்றேன். "பழைய ஆளு. விட மாட்டேங்கறான்" என்றார். கழுத்தில் சிவந்த கோடு இருந்தது. தைலம் தடவினேன். மறுநாள் மழை வந்தது, கோடும் வந்தது. மழைக்காலத்தில் இந்த ஊரில் மழை வராத நாள் ஏது?

இதுவரை படித்துவிட்டு, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள். ஆனால் நான் மட்டும் பார்க்கவில்லை. பயிற்சிக்கூடமே பார்த்தது. பார்த்துவிட்டு அவர்கள் செய்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வேறு எந்த மனிதர்களாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லையென்றால் ஓடியிருப்பார்கள். நம் ஆட்கள் சம்மணம் போட்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். வாண்டர்லெய்தான் தலைவன். அப்பாவுக்குப் பதிலாக இப்போது வகுப்பு எடுப்பவன், கறுப்பு பெல்ட், குழந்தை குட்டிக்காரன். அவன் என்னிடம் மெல்லிய குரலில் சொல்கிறான்: "சத்தம் போடாதீங்கம்மா. மாஸ்டர் ஆளே இல்லாம பிடி போட்டுக் காட்டறார். எதிராளி கை எங்க இருக்கு, முழங்கை எங்க போகுதுன்னு அவர் உடம்பைப் பாத்தாலே தெரியுது. இந்தப் பிடியை உலகத்துல யாரும் பாத்ததில்ல." ஈர மண்ணில் கால் தடத்தைப் பார்த்துக் காலின் அளவைச் சொல்வார்களே, அதுபோல் அப்பாவின் கழுத்து நெரிபடுவதைப் பார்த்து, நெரிக்கிற கையைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒருவர் மேல் ஒருவர் போட்டுப் பழகினார்கள். படம் பிடித்தார்கள். "மாஸ்டர் பிடி" என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரில்தான் அது உன் பாலைவன ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. அதைப் போட்டவனெல்லாம் ஜெயிக்கிறானாம். உடும்புப் பிடியாம்.

அப்பா ஒருநாள் அவர்களை வரிசையில் நிற்க வைத்துச் சொன்னார். நான் படியில் நின்று கேட்டேன். "சுவத்துல எழுதியிருக்கறது பொய்டா. நான் தட்டினேன். துறைமுகக் கொட்டகையில ஜெனிவால்கிட்ட நான் தட்டினேன்." பிறகு வாண்டர்லெய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். இந்த வயதில், இவ்வளவு உயரத்தில், என்ன பணிவு, எப்பேர்ப்பட்ட பாடம் என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரம் பனியனில் அச்சடித்து வந்தார்கள்: "மாஸ்டரும் தட்டுகிறார்." அப்பா அந்தப் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை, மகனே, எதிரிக்கும் வரக்கூடாது. பொய் சொன்னபோது சரித்திரம் என்றார்கள், உண்மையைச் சொன்னால் பாடம் என்கிறார்கள்.

நம் தெருமுனையில் தக்காக்கா சூப் விற்கிற லிண்டால்வாவை உனக்குத் தெரியும். பள்ளி விட்டு வரும்போது உனக்கு இறால் அதிகமாகப் போடுவாளே, அவள்தான். அவள் ஜெனிவாலின் விதவை என்பதும் உனக்குத் தெரிந்திருக்கலாம். இத்தனை வருடம் நம் வாசற்படியை அவள் மிதித்ததில்லை. கார்னிவலுக்கு முந்தின வாரம் பேய்மழை. சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வேறு வழியில்லாமல் நம் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கினாள். உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பானையைக் கீழே வைத்தவள் நிமிரவே இல்லை. பிறகு என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இது எங்க வீட்டுக்காரர் பிடி" என்றாள். "யாருக்கும் அவர் சொல்லிக் குடுத்ததில்லையே. இவங்க எங்க போய்க் கத்துக்கிட்டாங்க?"

இல்லை, இது மாஸ்டர் பிடி என்று சொல்லி மழுப்பினேன். அவள் கேட்கவில்லை. "விரலைப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். படகு இயந்திரத்தில் சிக்கி ஜெனிவாலின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டனவாம். அதனால் எல்லோரையும்போல் அவனால் இறுக்கிப் பற்ற முடியாது, மணிக்கட்டைக் கொக்கி மாதிரி மடக்கித்தான் பூட்டுவானாம். உள்ளே மெத்தையில் எத்தனை ஜோடிகள் புரண்டுகொண்டிருந்தார்களோ, அத்தனை பேரும், பத்து விரலும் முழுதாக உள்ள பிள்ளைகள், அந்தப் பிடியைப் போடும்போது அந்த இரண்டு விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று வாண்டர்லெய்யைப் பிறகு கேட்டேன். "விரலா? எந்த விரல்?" என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

லிண்டால்வா சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். எழுதவே கை கூசுகிறது. கொட்டகைச் சண்டையில் ஜெனிவால் அந்தப் பிடியைப் போட்டிருக்கிறான். அப்பா தட்டிவிட்டார், நடுவர் நிற்காத பக்கத்துக் கையால். ஜெனிவால் நேர்மையானவன். தட்டினது தெரிந்ததும் விட்டுவிட்டான். விட்டதோடு, எழுந்து நின்று, தூக்கிவிடக் கையையும் நீட்டினான். அப்பா அந்தக் கையைப் பிடித்து இழுத்து முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தார். நடுவர் கண்ணுக்குச் சண்டை இன்னும் முடியவில்லை. ஜெனிவால் தட்டினான். கூட்டம் போட்ட கூச்சலில் அப்பா விடவில்லை. நினைவு தப்பின பிறகுதான் இழுத்து விலக்கினார்கள். அப்புறம் அவனுக்குத் தலை தெளியவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில், நெஞ்சளவு தண்ணீரில், படகுத்துறையில் மூழ்கிப் போனான். அந்தச் சண்டையில்தான் உன் அப்பாவுக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரில்தான் இந்தப் பயிற்சிக்கூடம் வந்தது, உன் கிமோனோ வந்தது, உன் விமானச் சீட்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஊருக்கே விருந்து போட்டிருக்கிறார்.

தோற்றவன் பெண்டாட்டி புலம்புகிறாள் என்றுதான் அப்போது ஊரே பேசியது. நான் அப்பாவைக் கல்யாணம் பண்ணி வந்தது அதற்குப் பிறகு.

*

சனிக்கிழமை.

விமானம் நாளைக்குத் தள்ளிப்போய்விட்டது என்று சுவேலன் வந்து சொன்னாள். நல்லதுதான். நேற்று எழுதத் துணிவில்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

சாம்பல் புதனன்று வாண்டர்லெய் அந்தப் பிடியை ஒரு பல் டாக்டருக்குப் போட்டான். வெளியூரிலிருந்து பழக வந்தவர், சாதுவான மனிதர். அவர் தட்டினார். வாண்டர்லெய்யின் கையில் தட்டினார், மெத்தையில் தட்டினார், தொடையில் தட்டினார். இவன் விடவில்லை. ஆட்கள் கூடி இவன் கையைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் பிழைத்துக்கொண்டார், கழுத்தில் பட்டை போட்டுப் படுத்திருக்கிறார். வாண்டர்லெய் என் சமையலறையில் வந்து குழந்தை மாதிரி அழுதான். "விடத்தாம்மா பாத்தேன். கை என் பேச்சைக் கேக்கல. என் கை மேல இன்னொரு கை இருந்துச்சு. ஈரமா இருந்துச்சு" என்றான். அதிலிருந்து மெத்தைக்கு வருவதில்லை. நேற்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இடது கையால் சாப்பிடுகிறான். வலது கை மடியில் கிடக்கிறது, இரண்டு விரல் மடங்கினபடியே.

பாதிரியாரிடம் போனேன். நம் ஊரில் பாதிரியாருக்கும் பழுப்பு பெல்ட் இருப்பது தெய்வ சோதனை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, முழங்கை தோளுக்கு மேலே போகிறதா, கீழேயா என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் லிண்டால்வாவைத்தான் கூப்பிட்டேன். நேற்று மழையில் அப்பா மெத்தையில் கிடந்தபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோபித்துக்கொண்டு போன புருஷனிடம் பேசுவதுபோல் பேசினாள். "போதுங்க. கிழவன் தட்டறான் பாருங்க. விட்டுட்டு வாங்க" என்றாள். குழி அசையவில்லை. வெளியே வந்தபோது அவள் பாவாடை முழுக்க ஆற்று வாடை. "கேக்கல அக்கா" என்றாள். "ஒரு தடவை தட்டினான்னு விட்டு ஏமாந்துட்டாரு. இனிமே தனியாத் தட்டறதை நம்ப மாட்டாரு. சபையில நடந்த வினை, சபையிலதான் தீரணும்." அவளுக்கு நம் மேல் கோபப்பட எவ்வளவோ உரிமை உண்டு. ஆனாலும் உன்னை நினைத்துத்தான் அழுதாள்.

மகனே, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பெருமையாக ஒரு பயிற்சிப் படம் அனுப்பினாயே. "பைனல்ல இதைத்தாம்மா போடப் போறேன், அப்பாவுக்குக் காணிக்கை" என்றாயே. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன்னோடு பழகுகிறவன் தட்டுகிறான். நீ விடுகிறாய். ஆனால் அவன் தட்டியதற்கும் நீ விட்டதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. முதுகில் நான் தட்டினால் சட்டென்று கையை எடுக்கிற பிள்ளை நீ. அந்த ஒரு மூச்சு யாருடையது? உன் வலது கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீயும் பார். இப்போதே, இந்தத் தாளைப் பிடித்திருக்கிற உன் கையைப் பார்.

அப்பாவிடம் இன்று காலை எல்லாம் சொன்னேன். உங்கள் பையன் அந்தப் பிடியைப் போடப் போகிறான் என்றேன். "ஜெனிவால் விட்டான், ஜுசாரா. நான் விடல. அதைத்தான் என் பையன் கத்துக்கிட்டிருக்கான்" என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. உன்னிடம் போனில் பேசச் சொன்னேன். எண்ணைப் போடும்போதே குரல் கட்டிக்கொண்டது. கழுத்தைத் தொட்டுக் காட்டினார். மழை இல்லாத நேரத்திலும் இப்போது அது வருகிறது.

ஆகவே நான்தான் கேட்க வேண்டும். இந்த இறுதிப் போட்டிக்காக நீ எத்தனை வருடம் பட்டினி கிடந்தாய், முழங்காலில் எத்தனை தையல் போட்டுக்கொண்டாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறேன். அந்தப் பிடியைப் போடாதே. போடாமல் இருந்தால் போதாது. ஆட்டத்தின் சூட்டில் உன் கை தானாக அங்கே போகும், வாண்டர்லெய்க்குப் போனதுபோல். அதற்கு முன்னால் நீ தட்டிவிடு. எதிராளி உன்னைச் சும்மா பற்றியிருந்தாலும் சரி, தட்டிவிடு. தட்டினால் ஆட்டம் முடிந்தது. பிறகு உன் கைக்கு வேலை இல்லை. உன் எதிராளியைப் படத்தில் பார்த்தேன். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

பிறகு ஒலிபெருக்கியை உன்னிடம் நீட்டுவார்கள். தோற்றவனிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள் அல்லவா? அப்போது சொல். என் அப்பா ஒஸ்மரீனோ துறைமுகக் கொட்டகையில் ஜெனிவாலிடம் தட்டினார், தட்டிவிட்டு ஏமாற்றினார் என்று சொல். பணிவாகச் சொல்லாதே, கை தட்டிவிடுவார்கள். பழியை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி சொல். ஜெனிவாலின் பெயரை நன்றாகக் கேட்கும்படி சொல். இங்கே நானும் லிண்டால்வாவும் அப்பாவை நடுவில் உட்கார வைத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்போம்.

இதனால் அப்பாவுக்கு விடுதலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காமலும் போகலாம், அவர் விதைத்ததை அவர் அறுக்கட்டும். அவருக்காக நான் இதைக் கேட்கவில்லை. ஒருவன் உயிருக்குத் தட்டுகிறான், என் பிள்ளையின் கை விடவில்லை என்பதை நான் பார்க்கக்கூடாது. அதற்கு முன்னால் என் கண் போய்விடட்டும்.

நீ பிறந்த நாள் முதல், நீ ஜெயிக்க வேண்டும் என்றே மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான். இன்று மாற்றி ஏற்றியிருக்கிறேன். கடவுள் உன் இரண்டு கைகளையும் உனக்கே விட்டுவைக்கட்டும். தட்டும்போது, நடுவர் பார்க்கிற பக்கத்துக் கையால் தட்டு, மகனே. தோற்று வா.

உன் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்
அம்மா,
ஜுசாரா.